தொயோமி வாங்கிய கதிர் மீட்டர்

தொயோமியைப் போல வாசல் கூட்டுகிறவள் எங்கள் கமிசவாவில் வேறு யாரும் கிடையாது. இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. அவள் குடியைக் கெடுத்ததே அந்தத் துடைப்பம்தான். அவளை மட்டும் சொல்லி என்ன, அந்த வாரம் நாங்கள் எல்லோருமே கூட்டினோம். என் கடை வாசலை நானே குழாய் பிடித்துக் கழுவினேன். நகராட்சியிலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் வேறு என்ன செய்வோம்?

என் பெயர் ஷிஷிதோ. புகுஷிமாவின் மலைப்பக்கம், எழுபத்திரண்டு வீடுள்ள ஊரில், இருபத்தெட்டு வருடமாக மின்சாமான் கடை வைத்திருக்கிறேன். கடை என்று பேர்தான். பாதி நாள் யார் வீட்டிலாவது ஏணியில் நின்று பல்பு மாற்றிக்கொண்டிருப்பேன். அதனால் யார் வீட்டுக் குளிர்பெட்டிக்குப் பின்னால் எத்தனை வருடத்து அழுக்கு இருக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும். தொயோமி வீட்டுக் குளிர்பெட்டிக்குப் பின்னால் இலை போட்டுச் சாப்பிடலாம்.

அவள் இந்த ஊர்க்காரி இல்லை. கடலோரம் சோமாவில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்யும் ஹன்கை நோரியுகியைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தவள். வந்த புதிதில் அவள் பேச்சைக் கேட்டுப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். கடலோரப் பேச்சு, கொஞ்சம் சத்தம், கொஞ்சம் வேகம். அந்தச் சிரிப்பை அவள் துடைப்பத்தை வைத்தே அடக்கினாள். நாலு வருடத்தில், ‘தொயோமி வாசல் மாதிரி இருக்கணும்’ என்று மாமியார்கள் மருமகள்களிடம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சுற்று ஊர்களுக்கெல்லாம் பொதுவான பள்ளிக்கூடத்துச் சமையற்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலை அவளுக்கு. கீரையை மூன்று தண்ணீரில் கழுவுவாள். இரண்டில் நிறுத்திவிட்டு மூன்று என்று சொல்கிற ஆள் இல்லை. ஒரே மகள், சயோ. அந்த வருடம் ஏழு வயது.

பக்கத்து வீட்டுக்காரர் கொகுபுன் தமேஜி. எழுபத்தொரு வயது, கல்யாணமே செய்துகொள்ளாதவர். அவர் வாசலில் களை இடுப்புக்கு வளர்ந்திருக்கும், படியெல்லாம் பாசி. தொயோமி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, “தமேஜி-சான், உங்க வாசல்ல பாம்பு குட்டி போட்டு, அது பேரன் பேத்தியும் எடுத்திருச்சு” என்பாள். அவர் தின்பண்டத்தை மென்றுகொண்டே, “என்னைப் பாக்க மனுஷங்க யாரும்மா வர்றாங்க? பாம்பாவது வந்துட்டுப் போகட்டும்” என்பார். பதினோரு வருடமாக இதே சண்டை. இருவருக்கும் அது இல்லாமல் பொழுது போகாது.

அந்த மார்ச் மாதம் கடலோர அணு உலை வெடித்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பி, சாயங்காலம் மழையும் பனியுமாகக் கொட்டியது. உலை எங்களுக்கு அறுபது கிலோமீட்டர். காலி செய்யச் சொன்ன வட்டத்துக்குள் நாங்கள் வரவில்லை. வட்டம் போட்டவர்கள் காற்றைக் கேட்டுவிட்டா போட்டார்கள்? காம்பஸ் வைத்துப் போட்டார்கள். பின்னால் அளந்து பார்த்தபோதுதான், மலைக்கு இந்தப் பக்கமும் கதிர்த் தூசு விழுந்திருக்கிறது, அதுவும் வீட்டுக்கு வீடு, மூலைக்கு மூலை வேறு வேறாக விழுந்திருக்கிறது என்று தெரிந்தது.

ஏப்ரலிலிருந்து என்னிடம் யாரும் பல்பு கேட்கவில்லை. எல்லோரும் கதிர்வீச்சை அளக்கிற கதிர் மீட்டர் கேட்டார்கள். அதற்கு முன் அந்தப் பொருளை நான் கண்ணால் பார்த்தது கிடையாது. மொத்த வியாபாரிகளுக்குப் போன் மேல் போன் போட்டேன். பதினைந்தாயிரம் யென்னுக்கு விற்ற சாமானை ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்றார்கள். நல்ல மீட்டர், உள்ளே படிகம் வைத்தது, ஒரு லட்சத்து இருபதாயிரம். அதுவும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். ஊர் எரியும்போது கொள்ளிக்கு விலை பேசுகிற ஆட்கள். நானும் அவர்களிடம் வாங்கித்தான் விற்றேன், என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஜூன் மாதம் எனக்கு மலிவில் மூன்று வகை வந்து சேர்ந்தன. அன்று சனிக்கிழமை. தொயோமி ஒரு நோட்டும் பென்சிலும், சமையலறையில் பாத்திரம் மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளும் எடுத்துக்கொண்டு வந்தாள். எது நல்லது என்று என்னைக் கேட்கவில்லை. எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். அவள் மூன்றையும் தாளில் சுற்றி, தூசு படாமல் ஒட்டி, என் கடைக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் இறங்குகிற குழாய்க்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்தாள். இரண்டு நிமிடம் காத்திருந்து எண்ணைக் குறித்தாள். ஒவ்வொன்றுக்கும் பத்துத் தடவை. ஒரு மணி நேரத்துக்கு மேல் குந்தியிருந்தாள்.

முதல் மீட்டர் வண்ணத் திரை வைத்தது, பார்க்க அழகு. ஐந்து என்றது, பிறகு பதினொன்று என்றது, பிறகு மூன்று. இரண்டாவது பேனா மாதிரி சட்டைப்பையில் குத்திக்கொள்வது. குழாய்க்கு அடியிலும் அரை, கடைக்குள்ளும் அரை. “இது தூங்குறவங்களுக்கு நல்லது” என்று எடுத்து ஓரமாக வைத்தாள். மூன்றாவது சாம்பல் நிறத்தில் சோப்புப் பெட்டி மாதிரி ஒன்று. கீச் கீச்சென்று சத்தம் வேறு. அது எட்டு என்றது, எட்டு புள்ளி ஒன்று என்றது, மறுபடி எட்டு. பத்துத் தடவையும் அந்த எட்டை விட்டு நகரவில்லை.

விவசாயக் கூட்டுறவுக்காரர்களின் விலையுயர்ந்த மீட்டர் அன்று என் கடையில் இருந்தது. அதை அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன். ஏழு புள்ளி இரண்டு. ஆக சாம்பல் பெட்டி பத்தில் ஒரு பங்கு கூட்டிக் காட்டுகிறது. வியாபாரியாக இருந்தும் அதை மறைக்காமல் சொன்னேன். இது சரியான எண்ணைச் சொல்லாது, வேண்டுமானால் நல்லது வரும்வரை பொறுத்துக்கொள் என்றேன்.

“பொய் சொன்னா பரவால்லங்க, ஷிஷிதோ-சான். ஒரே பொய்யா சொல்லணும். எவ்வளவு கூட்டிச் சொல்லுதுன்னு தெரிஞ்சா நான் கழிச்சுக்குவேன்” என்றாள். “நேரத்துக்கு ஒரு பேச்சுப் பேசுறதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?”

இருபத்தெட்டு வருட வியாபாரத்தில் ஒரு சாமானை இவ்வளவு சரியாகத் தேர்ந்தெடுத்த ஆளை நான் பார்த்ததில்லை. அதன்பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அவள் சொன்னதையே என் அறிவு மாதிரி எடுத்துச் சொன்னேன். நாற்பத்திரண்டாயிரம் யென். அவள் சம்பளத்தில் பாதிக்கு மேல். நோரியுகி கேட்டுவிட்டு, “எண் தெரிஞ்சு என்ன பண்ணப் போறே? கீரையா அது, மூணு தண்ணில கழுவ?” என்றானாம். அதை அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். மீட்டரை வாசல் செருப்பலமாரிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டினாள். சயோ ஒரே வாரத்தில் எண் படிக்கப் பழகிக்கொண்டது. பள்ளியிலிருந்து வந்ததும் வாசலில் நின்று அதை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றும்.

ஜூன் கடைசியில் நகராட்சியிலிருந்து அறிவிப்பு வந்தது. ஊரை மொத்தமாகக் காலி செய்யச் சொல்லப் போவதில்லை. வீடு வீடாக வந்து அளப்பார்கள். வாசலில் ஓர் இடம், தோட்டத்தில் ஓர் இடம், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில். எதிலாவது மணிக்கு மூன்று புள்ளி இரண்டு மைக்ரோசீவர்ட் தாண்டினால் அந்த வீட்டுக்கு ஒரு காகிதம் கிடைக்கும். அதை வைத்துக் குடும்பத்தோடு வெளியூர் போகலாம், வாடகையை அரசு பார்த்துக்கொள்ளும், நோரியுகி மாதிரி ஆட்களுக்கு வேலை போவதற்கும் ஈடு கொடுப்பார்கள். தாண்டாத வீட்டுக்கு ஒன்றும் கிடையாது. இருக்கலாம், போகலாம், அவரவர் பாடு.

நோரியுகி தெளிவாகச் சொல்லிவிட்டான். காகிதம் வந்தால் மறுநாளே மூன்று பேரும் கிளம்பலாம். வராவிட்டால் வேலையை விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு எங்கே போவது? ஆக, சயோ இந்த ஊரில் வளர்வதா வேண்டாமா என்பது அந்த ஓர் எண்ணில் போய் நின்றது.

தொயோமி தன் வாசலை ஏற்கனவே அளந்திருந்தாள். ஒரு மீட்டர் உயரத்தில் மூன்று புள்ளி எட்டு. பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் மூன்று புள்ளி நான்கு. கோட்டுக்கு மேல்தான். கடைக்கு வந்து நோட்டைத் திறந்து காட்டினாள், முகமெல்லாம் வெளிச்சம். கெட்ட எண்ணுக்காகச் சந்தோஷப்பட்ட ஆளை வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை எங்கள் தெருவுக்கு வருகிறார்கள் என்றார்கள். புதன்கிழமை காலையிலேயே தெரு முழுக்கத் துடைப்பச் சத்தம். தொயோமி வீட்டு வாசல் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று என்னைக் கூப்பிட்டாள். நான் ஏணியில் நின்று விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கீழே அவள் குந்தி உட்கார்ந்து, படிக்கல் இடுக்கில் இருந்த பாசியைச் சமையலறைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். களை பிடுங்கினாள். சரளைக் கல்லை அரித்துப் போட்டாள். குழாய் வைத்து இரண்டு முறை கழுவினாள். சுரண்டிய பாசியையும் மண்ணையும் வாளி வாளியாக வீட்டுக்குப் பின்பக்கம், விருந்தாளி கண்ணில் படாத இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டர் விற்றவன் நான். பாசியில்தான் கதிர்த் தூசு பிடித்துக்கொண்டு கிடக்கும், பாசிப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். அப்போது என் புத்தியில் அது உறைக்கவே இல்லை. “இன்னும் ரெண்டு தேய் தேய்ச்சா தரையே இருக்காது தொயோமி-சான்” என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள். இதை நினைக்கும்போது இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் சின்னப் பையன், நீலக் கையுறை. கால் வைப்பதற்கு முன்னால், இவ்வளவு சுத்தமான வாசலில் செருப்போடு நிற்கச் சங்கடமாக இருக்கிறது என்று குனிந்து மன்னிப்புக் கேட்டானாம். தொயோமி குளிர்ந்த பார்லித் தேநீரும் வெள்ளரி ஊறுகாயும் வைத்திருந்தாள். எந்த வீட்டிலும் எதுவும் சாப்பிடக்கூடாது என்று உத்தரவு என்றார்கள். அளந்தார்கள், எழுதிக்கொண்டார்கள், குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். எண்ணைச் சொல்லவில்லை.

பதினைந்து நாள் கழித்துத் தபால் வந்தது. வாசல் இரண்டு புள்ளி ஒன்பது, தோட்டம் இரண்டு புள்ளி ஏழு. காகிதம் கிடையாது. பக்கத்து வீட்டுத் தமேஜிக்கு மூன்று புள்ளி ஐந்து. அவருக்குக் கிடைத்துவிட்டது.

அன்று தொயோமி கடைக்கு வந்து சாம்பல் பெட்டியை மேசை மேல் வைத்தாள். கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை.

“இது மாத்தி மாத்திப் பேசாதுன்னுதானே வாங்கினேன்” என்றாள். “நீங்களும் பார்த்தீங்கதானே.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் சாமானைக் குறை சொல்கிறாள் என்ற ஒரே நினைப்பு. வா, உன் வாசலிலேயே பார்த்துவிடலாம் என்று கூடவே நடந்தேன். ஒரு மீட்டர் நீளக் குச்சியில் பெட்டியைக் கட்டிப் பத்துத் தடவை அளந்தோம். மூன்று புள்ளி இரண்டு. நான் மனதுக்குள் பத்தில் ஒரு பங்கைக் கழித்தேன். இரண்டு புள்ளி ஒன்பது. நகராட்சிக்காரன் எழுதிய அதே எண். மீட்டரில் குற்றமில்லை என்று ஜெயித்த மாதிரி வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அப்படியானால் தரையில் இருந்தது எங்கே போயிற்று?

அவளுக்கு எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. என் கையிலிருந்து குச்சியை வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். போகப் போகக் கீச் கீச் சத்தத்தின் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. பின்சுவரை ஒட்டி, காய்ந்துபோன பாசிக் குவியல். முழங்கால் உயரம்கூட இல்லை. பெட்டி பதினேழு என்றது. குவியலுக்கு நேர் மேலே ஒரு ஜன்னல். பின்பக்க அறை கோடையில் குளிர்ச்சியாக இருக்கும் என்று அந்த அறையைச் சயோவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். படுக்கையை அந்தச் சுவரை ஒட்டித்தான் விரிப்பார்கள்.

“ஆளுங்க வர்றாங்கன்னு கூட்டினேன்” என்றாள் தொயோமி. இன்னொரு முறையும் அதையே சொன்னாள். பிறகு விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். பதினாறு ராத்திரி.

நான் மண்வெட்டி எடுத்து வந்தேன். ஏணியில் நின்று சிரித்தவன்தானே. இரண்டு பேருமாகக் குவியலைப் பிளாஸ்டிக் பையில் அள்ளி, தோட்டத்து மூலையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். சயோவின் படுக்கையை அன்றே முன் அறைக்கு மாற்றினாள்.

ஊரில் நிறைய வீட்டில் இதே கதைதான். யார் கூட்டவில்லையோ அவர்களுக்குக் காகிதம். தமேஜி தன் காகிதத்தை எடுத்துக்கொண்டு தொயோமி வீட்டுக்கு வந்தார். இதை உன் பேருக்கு மாற்ற முடியாதா என்று கேட்டார். நகராட்சிக்கும் போய்க் கேட்டிருக்கிறார், முடியாது என்றுவிட்டார்கள். “நான் எங்கம்மா போகப்போறேன், எனக்கு எதுக்கு இது?” என்று அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் வேலியோரத்தில் சண்டை போடவில்லை.

கொஞ்சத்தில் தவறிய வீடுகளை அக்டோபரில் இன்னொரு முறை அளப்பதாகச் சொன்னார்கள். மனுப் போட்ட முதல் ஆள் தொயோமி. அன்றிலிருந்து துடைப்பத்தைத் தொடவில்லை. ஆகஸ்ட், செப்டம்பர், வாசலில் களை முளைத்தது. பெரிய மரத்து இலை விழுந்து மக்கியது. அவளுக்கு உடம்பு சரியில்லை போல என்று பேசிக்கொண்டார்கள். தெருப் பெண்கள் கூட்டிக் கொடுக்க வந்தபோது வாசலில் கையை விரித்து நின்று தடுத்தாளாம். பதினோரு வருடத்து நல்ல பேர் இரண்டு மாதத்தில் போயிற்று. சயோவை மட்டும் அந்த வாசலில் நடக்க விடமாட்டாள். காலையில் முதுகில் ஏற்றித் தெருவில் கொண்டுபோய் விடுவாள், மாலையில் வேலியோரமிருந்து தூக்கி வருவாள். ஏழு வயதுப் பிள்ளை, கால் இரண்டும் தொங்கும்.

அவ்வளவு செய்தும் எண் மூன்று புள்ளி மூன்றைத் தாண்டவில்லை. கழித்தால் மூன்று. சுரண்டிய பாசி இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிடுமா?

அளக்க வருவதற்கு முதல் நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மதியம் என்னைக் கூப்பிட்டாள். போனபோது தோட்டத்து மூலைக் குழியைத் திறந்து வைத்திருந்தாள். பக்கத்தில் மண்வெட்டி.

“எத்தனை போட்டா சரியா வரும், ஷிஷிதோ-சான்?” என்று கேட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இது தப்பு என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தப்பு? அந்த மண் அவள் வாசலில் இருந்ததுதானே, அதை அங்கேயே திரும்பப் போட்டால் என்ன பொய்? அப்படித்தான் நினைத்தேன். “மூணு மண்வெட்டி. படிக்கு ரெண்டு பக்கமும் பரப்பி விட்டா போதும்” என்றேன். எவ்வளவு போதும் என்று அவள் கேட்ட உடனே என்னால் சொல்ல முடிந்தது. ஏனென்றால் நானும் சில நாளாக அதையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றையும் அவளே சுமந்து வந்தாள். பரப்பினாள், மேலே இலையைத் தள்ளி மூடினாள். குச்சியை நட்டோம். நான்கு. கழித்தால் மூன்று புள்ளி ஆறு. அவள் பெட்டியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுக் கை கழுவ உள்ளே போனாள். அன்று பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டார்கள், எங்கள் இருவருக்கும் அது தெரியாது. அம்மா வேலியோரம் இல்லாததைப் பார்த்துவிட்டு, சயோ வேலியை ஒட்டி ஓரமாகவே நடந்து வந்து, எட்டி ஆணியிலிருந்து பெட்டியை எடுத்தது. முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. பெட்டி கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளை அப்படியே நின்றுவிட்டது.

“அம்மா, இங்க ஏறிப்போச்சு” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தது. அழவில்லை. வழி கேட்கிற மாதிரிதான் கேட்டது. “நான் எந்தப் பக்கமா வரட்டும்?”

தொயோமி ஈரக் கையோடு வந்து நின்றாள். மகளைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு வெறுங்காலோடு இறங்கிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தமேஜி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். பரப்பிய மண்ணைக் கையாலேயே வாரினாள். நான் மண்வெட்டியை எடுத்தபோது என்னைத் தள்ளிவிட்டாள். எல்லாவற்றையும் குழிக்குள் போட்டு மூடிவிட்டு, இரண்டு மாதமாகத் தொடாத துடைப்பத்தை எடுத்து, இலை, களை, மண் எதுவும் மிஞ்சாமல் கூட்டினாள். கழுவினாள். மூன்று தண்ணீர்.

மறுநாள் இரண்டு புள்ளி எட்டு என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் அவள் சயோவைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் யோனெசவாவுக்குப் போய்விட்டாள். காகிதம் இல்லாமல், தன் பாட்டில். இரண்டாவது மாடியில் ஓர் அறை, சோற்றுப் பொட்டலம் கட்டுகிற கடையில் வேலை. நோரியுகி இங்கே ஆலையில். மாதம் ஒருமுறை போவான், பிறகு பனி என்று இரண்டு மாதம் ஒருமுறை ஆயிற்று. அவன் வாசல் கூட்டுவதில்லை.

பிப்ரவரியில் அவர்கள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு நான் யோனெசவா போனேன். தொயோமி இளைத்திருந்தாள். கடலோரச் சத்தமெல்லாம் போய், பக்கத்து அறைக்காரர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள். இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டிருந்தபோது சயோ பள்ளியிலிருந்து வந்தது. கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் வெளியிலேயே நின்றது. தலையில் பனி விழுந்துகொண்டிருந்தது.

தொயோமி கையைத் துடைத்துக்கொண்டு போய், ஆணியிலிருந்து சாம்பல் பெட்டியை எடுத்து, தன் பக்கம் திருப்பிப் பார்த்து, “பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு” என்றாள். சயோ தலையாட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றி உள்ளே வந்தது. என்னைப் பார்த்து வணங்கிவிட்டுப் படிக்க உட்கார்ந்தது.

இருபத்தெட்டு வருடம் மின்சாமான் பார்த்தவன் நான். பெட்டியில் கீச் சத்தம் வரவில்லை என்பது என் காதுக்குத் தப்பாது. எழுந்துபோய் மெல்ல எடுத்துப் பார்த்தேன். திரை வெறுமையாக இருந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது, என்னிடம் இருக்கிறது, போட்டுத் தரட்டுமா என்று சயோவுக்குக் கேட்காமல் கேட்டேன்.

“ஒரு மாசமாச்சு” என்றாள். “வேணாம். தினமும் ஒரே எண்ணைச் சொல்றேன், பிள்ளை உள்ள வந்துருது.” அடுப்பில் கொதித்த மிசோ சூப்புக்குத் தீயைச் சிறிதாக்கிவிட்டு, இன்னும் குரலைத் தாழ்த்தினாள். “பேட்டரி போட்டு, இங்கயும் வேற எண் வந்துச்சுன்னா நான் எங்க போவேன், ஷிஷிதோ-சான்?”

யோனெசவாவில் வேறு எண் வராது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். பெட்டியை ஆணியிலேயே மாட்டிவிட்டு, பேட்டரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பனி கூடுவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன்.